சங்கிலி இரும்பில் மட்டுமா இருக்கிறது?

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. பொழுது புலருமுன் ஒரு கீற்றுக்கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் தீரும் என்று நம்பித் தர்காவை நாடி வந்தவர்களைத் தனியார் காப்பகம் ஒன்று சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தது. 28 உயிர்கள் கருகின.

அவர்களை நெருப்பு மட்டுமா கொன்றது? இல்லை! அறியாமை கொன்றது. அலட்சியம் கொன்றது. ஏழையின் மனம் கலங்கினால் அவனுக்கு மருத்துவம் எட்டாக்கனி என்ற நிலைமை கொன்றது.

வழிபாட்டைப் பழிப்பது நமது நோக்கமன்று. துன்பத்தில் துடிப்பவன் முதலில் தட்டுவது கோயில் கதவை, மாதாகோயில் கதவை, தர்காவின் கதவை. கட்டணம் கேட்காத கதவு அது என்று அவன் நம்புகிறான். கதவைத் திறப்பவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே நமது கேள்வி. 'பேய் பிடித்திருக்கிறது' என்று பிரம்பை எடுப்பதா? மருத்துவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்வதா?

கடல் கடந்து பாருங்கள். 1963 செப்டம்பர் 15இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமியரைப் பலிகொண்டது. 2015 ஜூன் 17இல் சார்ல்ஸ்டன் நகர ஆலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடிமைத்தளையில் தொடங்கிய காயம் இன்னும் ஆறவில்லை. ஆகவேதான் அம்மக்களின் ஆலயங்கள் பல இன்று ஜெபத்தோடு நின்றுவிடாமல், மனநல ஆலோசகரையும் உள்ளே அழைக்கின்றன. 'உனக்கு என்ன கோளாறு?' என்று கேட்பதை விடுத்து, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கின்றன. ஆறுதல் ஒரு கையில், உரிமைப் போர் மறு கையில்!

இங்கே நிலைமை என்ன? சாதி தந்த காயம் ஞானஸ்நானத்தில் கரைந்துவிட்டதா? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுந்ததே! செத்த பிறகும் தீராத தீண்டாமை, உயிரோடிருப்பவன் நெஞ்சை எப்படி அரித்திருக்கும்? கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியல் குரலை எழுப்பியது இந்த வேதனையிலிருந்துதான். 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் வழி திறந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்றளவும் திறக்கவில்லை. ஈதென்ன நீதி?

நம்பிக்கை தரும் காட்சியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் தொடங்கிய 'பேனியன்' அமைப்பின் அடைக்கலம் இல்லம் முகப்பேரில் உள்ளது. மனம் கலங்கித் தெருவில் திரிந்த பெண்களுக்கு உணவும் மருந்தும் தந்து, வீடு திரும்பவும் வழி செய்த இல்லம் அது. சங்கிலி செய்யாததை மனிதநேயம் செய்தது!

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் மனநல மருத்துவம் பெறுவது உரிமை என்கிறது. சட்டம் ஏட்டில் உறங்கினால் பயன் என்ன? ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநல மருந்து தட்டின்றிக் கிடைக்க வேண்டும். பாதிரியாருக்கும் பூசாரிக்கும் தர்கா பொறுப்பாளருக்கும், நோயைக் கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்பப் பயிற்சி தர வேண்டும்.

தோழர்களே! அம்பத்தூர் பட்டறையில் வேலை இழந்தவன், ஆவடியில் கடனில் மூழ்கியவன், பூவிருந்தவல்லியில் குடிகாரக் கணவனிடம் அடிபட்டவள் — இவர்கள் தூக்கமின்றித் தவித்தால் 'பைத்தியம்' என்று சிரிக்காதீர்கள். அருகில் அமருங்கள், காது கொடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைச் சங்க அலுவலகத்தின் சுவரில் எழுதி வையுங்கள்.

ஏர்வாடிச் சங்கிலி இரும்பால் ஆனது. நெருப்பு அதைக் காட்டிக் கொடுத்தது. சாதியும் வறுமையும் ஏளனமும் பூட்டிய சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. அதை அறுக்க மருந்தும் வேண்டும், நீதியும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதை மறுப்பது பாதி வைத்தியம்!