கோவிலுக்கு வரும் கரடி!

காரைக்குடிப் பக்கம் காட்டுக் கரடி கிடையாது. ஆனால், தெருவில் ஆடிய கரடியையும், கரடி முடித் தாயத்தையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று கரடியைப் பிடித்தாலே சிறை! 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குள்ள பாதுகாப்பு கரடிக்கும் உண்டு.

ஆனால், காடு?

நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், இரவில் கரடி கோவிலுக்குள் புகுகிறது. விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. பக்தியா? பசி!

கரையானும் தேனும் பழமும் அதன் உணவு. மேல்வரிசை முன்பற்களில் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும்! அந்தக் காடு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகிவிட்டது. பகலில் கரடி புதரில் படுத்திருக்கிறது. இலை பறிக்கப் போகிறவர் திடீரென்று எதிர்ப்பட்டால், மிரண்டு பாய்கிறது.

"கூண்டு வையுங்கள்" என்கிறார்கள் ஊரார். அவர்கள் பயம் நியாயமானதே. ஆனால், எண்ணெயைப் பூட்டி வைப்பதும், நடைபாதைப் புதரை வெட்டுவதும் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.