அடுத்த குழந்தை எப்போது? முதலில் ஒரு எக்கோ!

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் சந்நிதிக்கு வாழைத்தார் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் சுகப்பிரசவம் வேண்டிக்கொண்ட குடும்பத்தினர். தலவரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். பிரசவத்துக்குக் காத்திருந்த ரத்னாவதியிடம் புறப்பட்டு வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டார். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். குழந்தை பிறந்ததும் அவர் கிளம்பிவிடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும்வரை கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

அப்படிக் கூடவே இருந்து கவனிக்க வேண்டிய நாள்களில்தான் ஓர் இதய நோய் தலைகாட்டுகிறது. அதன் பெயர் பேறுகால இதயத் தசை நோய். மருத்துவர்கள் 'பெரிபார்ட்டம் கார்டியோமையோபதி' என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி, குழந்தை பிறந்து ஐந்து மாதங்கள் வரை இது வரலாம். அதுவரை இதயத்தில் எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் வரலாம்.

அசதி என்று நினைத்தால்...

ஸ்ரீரங்கத்தில் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து மூன்று வாரம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு தலையணை போதாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். இரவில் வறட்டு இருமல். கால் வீக்கம் வடியவில்லை. "ராத்தூக்கம் கிடையாது, பால் வேற கொடுக்கிறா. அசதியா இருக்காதா?" என்கிறார் பாட்டி. "மார்ச்சளியா இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி.

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் இந்த நோய் கண்ணில் படாமல் போகிறது. வெறும் அசதி என்றால் படுத்ததும் சற்றுத் தணியும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இதயத்தில் என்ன நடக்கிறது?

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவிகிதம் கூடுகிறது. சிலருக்கு இந்தச் சமயத்தில் இதயத் தசை தளர்ந்துவிடுகிறது. சாதாரணமாக இடது கீழறை, தன்னிடம் உள்ள ரத்தத்தில் சுமார் 55 சதவிகிதமோ அதற்கு மேலோ ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். இந்த நோயில் அது 45-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று போட்டிருக்கும் எண் இதுதான்.

கர்ப்ப கால ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தைகள், 30 வயதுக்கு மேல் கர்ப்பம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். சிலருக்குப் பரம்பரையும் காரணம். எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதும் பயமின்றி எடுக்கலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை, இதய நோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். அவர்களில் வாத காய்ச்சலால் வால்வு பழுதானவர்களே மற்ற வகை நோயாளிகளைவிட அதிகம். இதயத் தசை நோயாளிகளும் இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தங்களுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் தெரியவந்தது.

வயிற்றில் குழந்தை இருக்கும்போது

இதயம் தளர்ந்தவர்களுக்கு வழக்கமாகத் தரும் எனலாப்ரில், லோசார்டான் போன்ற மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் பிரசவம் வரை அவற்றைத் தவிர்த்து, மெட்டோப்ரோலால், ஹைட்ரலசின், நீர் பிரிய வைக்கும் மாத்திரை போன்றவற்றைக் கொண்டு சமாளிப்பார்கள். ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பம் தரித்தால், தானாக எதையும் நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

'இதய நோய் என்றால் சிசேரியன்தான்' என்பதும் சரியல்ல. தாயின் நிலை சீராக இருந்தால், வலி தெரியாமல் ஊசி போட்டு, கண்காணிப்போடு நார்மல் டெலிவரிக்கே விடுவது உண்டு. தாய் தாங்க மாட்டார் என்றால், மாதம் நிறையும் முன்பே குழந்தையை எடுக்க வேண்டியும் வரலாம்.

பால் கொடுக்கலாமா?

பலரும் கொடுக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு எனலாப்ரில் போன்ற மாத்திரையைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிட முடியும். நோய் கடுமையாக இருந்தால், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் புரோமோகிரிப்டின் மருந்தைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். அதனால் பால் நின்றுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் கூடவே தேவைப்படும். எல்லோருக்கும் இது வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதனால் லாப நஷ்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. பால் கொடுக்க முடியாத தாயைக் குறை சொல்லும் பேச்சு வீட்டில் எழவே கூடாது.

இரண்டாவது குழந்தை

பலருக்கு ஆறு மாதங்களுக்குள் இதயம் நன்றாகத் தேறிவிடுகிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது, 'அடுத்தது எப்போ?' என்ற கேள்வி வந்துவிடும். பார்த்தால் அவள் நலமாகத்தான் இருக்கிறாள். ஆனால் இ.எஃப். இன்னும் 50-க்கு வரவில்லை என்றால், மறுபடி கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மீண்டும் கர்ப்பம் வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழுவதும் தேறியவர்களுக்கும் நோய் திரும்ப வரலாம். அவர்கள் முதலில் இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்து, மாத்திரைகளை மாற்றி, எக்கோ எடுத்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை பாதுகாப்பு அவசியம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இவர்களுக்கு ஏற்றதல்ல. காப்பர்-டி பொதுவாக ஏற்றது. இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தால், கணவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். தளர்ந்த இதயம் உள்ளவரை எதற்காக ஆபரேஷன் மேஜைக்கு அனுப்ப வேண்டும்? எதிர்பாராமல் கரு உருவாகிவிட்டால் நாள் கடத்தக் கூடாது. 20 வாரம் வரை, ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது.

திருச்சி, ஸ்ரீரங்கம்வாசிகளுக்கு, மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை புத்தூரிலேயே இருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே ஃபைலில் பத்திரப்படுத்தி வையுங்கள். பத்து வருடம் கழித்து எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். அடுத்த குழந்தை பற்றி மாமியார் கேட்டால், அந்த ஃபைலோடு அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காரணம் புரிந்துவிட்டால், கேள்வி கேட்டவரே மருமகளுக்குத் துணையாக நிற்பார்.