முந்தானை போதும் என்று யார் சொன்னது?



கார்த்திகை பிறந்தால் போதும், நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஸ்வெட்டர் தொங்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரருக்கு ஒரு ஜெர்கின், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர், கைக்குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் வாங்குகிறோம். சரி, வீட்டம்மாவுக்கு? "எனக்கு எதுக்குங்க, முந்தானையை இழுத்துப் போத்திக்கிருவேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். இந்தப் பதிலோடு எனக்குச் சண்டை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி பக்கத்துக் கிராமங்களில், விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று வழியாகவும் நம் பெண்கள் ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்கள். கம்பம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டன்மேடு 1000 மீட்டருக்கும் மேலே. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. அதோடு ஜீப்பில் முகத்தில் அறையும் காற்று, மேலே போனால் பனிமூட்டம், சாரல். இத்தனைக்கும் அந்தப் பெண்களிடம் இருப்பது என்ன? சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு துண்டு. செடி கீறாமல் இருக்கச் சட்டை உதவும். குளிருக்கு? நனைந்த துண்டு தலையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

தோட்டத்துக்குப் போகாதவர்கள் மட்டும் சுகமாகவா இருக்கிறோம்? மார்கழியில் நாலரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவது யார்? வீட்டில் முதலில் எழுந்திருப்பவளுக்குத்தான் குளிர் முதலில் பிடிக்கும். அவளுக்குத்தான் முதல் ஸ்வெட்டர் என்பது என் கட்சி. அதுவும் குல்லாவோடு சேர்ந்த ஸ்வெட்டர். தனிக் குல்லா தொலைந்து போகும், துண்டு நழுவும். கழுத்தோடு சேர்த்துப் பின்னிய குல்லா எங்கேயும் போகாது. வேண்டும்போது தலையில், வேண்டாதபோது முதுகில்.

"கடையிலேயே கிடைக்குதே மதினி, நீங்க எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு பின்னணும்?" என்பார்கள். கடையில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். குல்லா வைத்தது பெரும்பாலும் தலைவழியாக மாட்டுவது. கொண்டை போட்டு, பூ வைத்த தலையில் எப்படி மாட்டுவது? முன்பக்கம் திறப்பு உள்ள லேடீஸ் ஸ்வெட்டருக்குக் குல்லா இருக்காது, பை இருக்காது, சேலை மடிப்புக்கு மேலே பிடிக்கவும் பிடிக்காது. கைப்பின்னல் மலிவு என்று நான் பொய் சொல்லமாட்டேன். நூல் விலையே சில சமயம் ரெடிமேடு விலையைத் தாண்டும். ஆனால் நம் உடம்புக்கு நம் அளவு கிடைக்கிறது. பழசானால் பிரித்து, நூலை அலசி, வேறொன்று பின்னலாம். ரெடிமேடில் அது நடக்குமா?

நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத் தையல் வகுப்பிலேயே ஊசி பிடிக்கத் தெரியும். ஆனால் வருஷம் பூராவும் குழந்தை செட்டே பின்னிக் கொண்டிருக்கிறோம். நமக்கென்று பின்ன உட்காருங்கள். எனக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் நூல். கடைக்குப் போனதும் நாம் பார்ப்பது கலர், கேட்பது விலை. கேட்க வேண்டியது வேறு: யார் போடப் போகிறார்கள், எங்கே போடப் போகிறார்கள், யார் துவைக்கப் போகிறார்கள்?

'உல்லன் நூல்' என்று கடையில் கொடுப்பதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. பெரும்பாலும் அது அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்திலிருந்து செய்த நூல். கேஷ்மிலான் என்பதும் அதுதான். பெயரைப் பார்த்துக் காஷ்மீர் ஆடு என்று நினைக்காதீர்கள். அதற்காக அக்ரிலிக் மட்டம் என்று சொல்லவில்லை. விலை குறைவு, கலர் போகாது, பூச்சி அரிக்காது, சீக்கிரம் உலரும். ஆனால் ஒரு பெரிய குறை, நெருப்பு பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விடிகாலையில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு, அதுவும் விறகடுப்பில் சுள்ளி ஒடித்துப் போடுகிறவளுக்கு, தொளதொள கை வைத்த அக்ரிலிக் ஸ்வெட்டர் ஆகவே ஆகாது.

அசல் கம்பளி நூல் அப்படியல்ல. லேசில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் பரவாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. மலைச் சாரலுக்கு அதுதான் ராஜா. ஆனால் விலை அதிகம். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் பெரியவள் ஸ்வெட்டர் சின்னவளுக்கு ஆகிவிடும்.

இன்னொன்று பருத்தி. தேனிப் பக்கம் நூற்பாலைகளுக்குக் குறைவில்லை, பருத்தி நம் சொந்தச் சரக்கு. உறுத்தாது, வியர்வையை உறிஞ்சும். அடிவாரத்து வீட்டுக்குள் போட்டுக்கொள்ள நல்லது. ஆனால் மலைக்கு உதவாது. நனைந்தால் கனக்கும், குளிரும், லேசில் உலராது. இழுத்தால் திரும்பிச் சுருங்குகிற குணமும் அதற்கு இல்லை. குல்லாவின் கனத்தில் கழுத்துப்பக்கம் தொங்கிப் போகும்.

என் தீர்ப்பு இது. மலைக்குப் போகிறவளுக்குக் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், ஆனால் அடுப்புப் பக்கம் போகும்போது கழற்றிவிட வேண்டும். அடுப்படியில் நிற்பவளுக்குக் கம்பளி. வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்குப் பருத்தி. வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு, முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கும் 'ஃபர்' நூல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நூல் அசலா என்று பார்க்க, ஒரு இழையை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரியும். உறுத்துமா என்று பார்க்க உள்ளங்கையில் தேய்க்காதீர்கள். நம் உள்ளங்கை பாத்திரம் தேய்த்துக் காய்த்துப் போனது. நூல் கண்டைத் தாடைக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அங்கே அரிக்காவிட்டால் எங்கேயும் அரிக்காது.

நம் பக்கத்துக் கிடை ஆடுகள் கறிக்கும் உரத்துக்கும்தான், ஸ்வெட்டர் நூலுக்கு ஆகாது. ஆனால் பெரியகுளத்துக்கு மேலே தெரிகிறதே கொடைக்கானல் மலை, அங்கே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. பாரத் மெரினோ என்ற மெல்லிய ரோம ஆட்டை அங்கே வளர்க்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் ஆடு இருந்தும், நம் கடைகளுக்கு நூல் லூதியானாவிலிருந்து வருகிறது. அந்த ரோமம் நூலாகி நம் மகளிர் குழுக்கள் கைக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதிகாரிகள் யோசிக்கட்டும்.

அடுத்தது அளவு. புத்தகத்தில் உள்ள கணக்கை அப்படியே நம்பிக் கண்ணி ஏற்றாதீர்கள். டபுள் நிட்டிங் நூலில் 8-ம் நம்பர் ஊசியால் பின்னினால் 4 அங்குலத்துக்கு 22 கண்ணி வரும் என்பார்கள். ஒருத்தி இறுக்கிப் பின்னுவாள், ஒருத்தி தளரப் பின்னுவாள். அதனால் முதலில் 5 அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அலசி, உலர்த்தி, நடுவில் 4 அங்குலத்துக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். மார்புச் சுற்றளவு 36 என்றால், ரவிக்கை, சேலை மடிப்பு, மேலே சட்டை எல்லாம் நினைத்து 40 வையுங்கள். 4 அங்குலத்துக்கு 22 என்றால் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி. 40 அங்குலத்துக்கு 220. உங்கள் கைக்கு 22-க்குப் பதில் 20தான் வருகிறது என்று வையுங்கள். அதே 220 கண்ணி 44 அங்குலமாகிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசம், நாலு அங்குலத் தொளதொளப்பு! கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். நம் ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பது நினைவிருக்கட்டும். நூலை மொத்தமாக ஒரே தடவையில், ஒரே லாட் நம்பர் பார்த்து வாங்குங்கள். முக்கால் கிலோ வரை பிடிக்கலாம். பிறகு போய்க் கேட்டால் அதே ரோஸ் கலர் கிடைக்காது.

குல்லாவுக்கு இரண்டு அளவு வேண்டும். முகத்தின் ஒரு ஓரத்திலிருந்து பின்னால் கொண்டையைச் சுற்றி மறு ஓரம் வரை ஒன்று. தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை இன்னொன்று. இரண்டிலும் ஒரு அங்குலம் தாராளம் வையுங்கள். கொண்டையோடுதான் அளக்க வேண்டும். புத்தகக் குல்லாக்கள் கொண்டை இல்லாத தலைக்குப் போட்டவை. கழுத்துக் கண்ணிகளை எடுத்து, பின் நடுவில் சில கண்ணி கூட்டி, நீளத் துண்டாகப் பின்னி, உச்சியில் மடித்து இணைத்தால் குல்லா தயார். முக ஓரத்தில் ஒரு அங்குலம் ரிப் பின்னல் கொடுங்கள், சுருண்டுகொள்ளாது. போட்டுக்கொண்டு தலையைத் திருப்பிப் பாருங்கள். குல்லாவும் கூடவே திரும்ப வேண்டும். தலை மட்டும் திரும்பிக் குல்லா நின்றால், ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. குல்லாவுக்கு இழுத்துக் கட்டும் கயிறு வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு வைக்கவே வைக்காதீர்கள். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கிய செய்திகளை எத்தனை தடவை படித்திருக்கிறோம்! சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ மாட்டினால் கயிறும் அதே வேலையைத்தான் செய்யும். இங்கிலாந்தில் 1976-லேயே பிள்ளைகளின் மேலாடைக் குல்லாவில் கயிறு கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1996-ல் எச்சரித்து, 2011-ல் அப்படிப்பட்ட உடையை ஆபத்தான பொருள் என்றே அறிவித்தார்கள். நமக்கு எதற்குக் கயிறு? தாடைக்குக் கீழே ஒரு டிச் பட்டன் போதும். எதிலாவது சிக்கினால் தானே பிரிந்துவிடும்.

முன்பக்கம் முழுதும் பட்டன் திறப்பு, வேலை செய்யும்போது மேலே ஏற்றிக்கொள்ள மணிக்கட்டில் ரிப், இரண்டு பக்கமும் பை, இதெல்லாம் நம் சௌகரியத்துக்கு. துவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை போதும். முறுக்காமல் பிழிந்து, நிழலில் பாயில் விரித்துக் காய வையுங்கள். கொடியில் போட்டால் நீண்டு போகும். வெயில் காலத்தில் காய்ந்த வேப்பிலையோடு மடித்து வையுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே ஐப்பசிக்குக் காத்திராமல் ஆடியிலேயே ஊசியை எடுங்கள். பின்னத் தெரியாத தோட்டத்துப் பெண் பக்கத்து வீட்டில் இருந்தால், அவள் நூல் வாங்கித் தரட்டும், நாம் கூலி கேட்காமல் பின்னிக் கொடுப்போம். அல்லது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்போம். "இந்த வயசுல எனக்கு ஸ்வெட்டரா?" என்று அவள் கூச்சப்பட்டால், "குளிருக்கு வயசு தெரியாது தாயி, போடு" என்று சொல்லுங்கள்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

— ஓர் இல்லத்தரசி, கம்பம்