ரெயில் நின்ற பாதை

ரெயில் ஓடாமல் நின்றுபோன பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிடுவதா, அல்லது முழுதாக ஜனங்களுக்கென்று வைத்துக் காப்பதா? அமெரிக்காவில் இக்கேள்விக்குச் சட்டமே விடை கூறியிருக்கிறது. பின்னொரு காலத்தில் ரெயிலுக்கே மீண்டும் உதவும்படி பாதையைக் காத்து, அதுவரையில் பொதுஜனங்கள் அதில் நடக்கவும் சைக்கிள் விடவும் இடந்தரலாமென்று 1983-ல் அந்நாட்டுச் சட்டசபை விதித்தது.

இதன் பலனை மிஸ்ஸௌரி மாகாணத்தில் காணலாம். ரெயில்வே கம்பெனியொன்று 1986-ல் கைவிட்ட மார்க்கம், இன்று சுமார் 386 கிலோமீட்டர் நீளமுள்ள 'கேட்டி' பாட்டையாக விளங்குகிறது. தண்டவாளம் கிடந்த இடத்தில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பியிருக்கிறார்கள். செங்குத்தான மேட்டில் ரெயில் ஏறாதாகையால், பாதை பெரும்பாலும் சமமானது. குறுக்கிடும் சாலைகளைத் தவிர, மோட்டார்த் தொல்லையே இல்லை. சிறுவரும் முதியவரும் நாட்டுப்புறத்தினூடே அச்சமின்றிச் சைக்கிளில் செல்லலாம்.

ரெயில் நின்றதும் நிலம் தம்மையே சேரவேண்டுமென்று வெர்மாண்ட் மாகாணத்து நிலச்சொந்தக்காரர் சிலர் வழக்காடினர். அவ்வாதம் அற்பமானதன்று. ஆயினும் சட்டம் செல்லுமென்றும், பாத்தியதையை இழந்தோர் நஷ்டஈடு கோர வழியுண்டென்றும் 1990-ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இது நியாயமான தீர்ப்பென்பதே நமது அபிப்பிராயம். தனிமனிதனின் நஷ்டத்தைப் பணத்தால் ஈடுசெய்யலாம். ஊர்களை இணைத்த ஒரே தொடர்ச்சியான நிலம் நூறுபேர் கைக்குச் சிதறிவிட்டால், அதை மீண்டும் ஒன்றுசேர்ப்பது எந்தச் சர்க்காருக்கும் எளிதன்று. ரெயிலை இழந்த ஜனங்கள் பாதையையும் இழக்கலாகாது.