ராணி வந்த தேதி

1997 அக்டோபர் 16. சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ படத்தைத் தொடங்கி வைத்தார் இங்கிலாந்து ராணி எலிசபெத். முதலமைச்சர் கலைஞர் இருந்தார், நடிகர் திலகம் இருந்தார். மறுநாள் பேப்பரைப் பார்த்து நம் ஊர் டீக்கடைகளில் எல்லாருக்கும் ஒரே பெருமை. அந்தப் பெருமையின் மேல்தான் எனக்குக் கோபம்.

தேதியைக் கவனியுங்கள். மருதநாயகம் என்ற கான்சாகிபு நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துப் பனையூர்க்காரர். நவாபும் கும்பெனியும் சேர்ந்து அவரை மதுரையில் தூக்கில் போட்டது 1764 அக்டோபர் 15. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ராணி வந்த அதே நாள்! சாத்தூரில் பஸ் ஏறினால் கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு. அங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தவரே சிவாஜிதான். ஊருக்கெல்லாம் காலண்டர் அடிக்கிறவர்கள் நாம். ஒருவருக்கும் தேதி உறைக்கவில்லை.

“கான்சாகிபு கும்பெனிக்கு உழைத்தவர்தானே, பூலித்தேவனை எதிர்த்தவர்தானே?” என்று நண்பர்கள் மடக்குவார்கள். சரி. உழைத்தவனையே தொங்கவிட்டார்கள் என்றால் அது இன்னும் மோசமில்லையா?

அதே பயணத்தில், இரண்டு நாள் முன்பு, ராணி ஜாலியன்வாலாபாக்கில் மலர்வளையம் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனாலும் போய் நின்றார். பஞ்சாபிகள் விடாமல் கேட்டார்கள், அதனால் நின்றார். நம் பக்கம் யார் கேட்டோம்? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

1961-லும் ராணி சென்னைக்கு வந்தார். அப்போது முதலமைச்சர் நம் விருதுநகர் காமராஜர். வெள்ளைக்காரன் ஜெயிலில் ஒன்பது வருஷம் போலக் கிடந்தவர், விருந்தாளியாக வரவேற்றார். அதைக் குறை சொல்ல மாட்டேன். வாசலுக்கு வந்தவரைத் திட்டுவது நம் வழக்கமில்லை. ஆனால் விருந்து வைப்பது வேறு, மறந்துபோவது வேறு.

கென்யாக்காரர்கள் மறக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். மாவ் மாவ் போராட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர 2013-ல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 2023-ல் மன்னர் சார்லஸ் நைரோபிக்குப் போனபோது, அந்தக் கொடுமைகளுக்குச் சாக்கே கிடையாது என்று தன் வாயாலேயே சொன்னார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அப்போதும் வரவில்லை.

எனக்குப் பவுண்டு வேண்டாம். அடுத்த முறை அந்த வீட்டு ஆள் யாராவது தமிழ்நாட்டுக்கு வந்தால், நிகழ்ச்சி நிரலில் கயத்தாறு இருக்க வேண்டும். மதுரையிலிருந்து நாலு வழிச் சாலை போட்டுக் கிடக்கிறது. இரண்டு மணி நேரப் பயணம்தான்.