பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி

ஆடிப்பட்டம் தொடங்கிவிட்டது. விதை, உரம், கூலி ஆள் என்று உங்களுக்கு ஆயிரம் கவலை. அதோடு இன்னொரு வேலையையும் இந்த வாரமே செய்யுங்கள். கிணற்றடியிலோ கொல்லையிலோ 10 அடிக்கு 6 அடியில் ஒரு பாத்தி கட்டி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிடுவது என்றால் முழுதாக. நம் வீடுகளில் களை பிடுங்கவும் தண்ணீர் ஊற்றவும்தான் பிள்ளைகள். எதை விதைப்பது, எப்போது பறிப்பது என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு. 'படிக்காவிட்டால் மண்வெட்டிதான்' என்று மிரட்டுவதும் நாமே, அடுத்த தலைமுறை விவசாயத்துக்கு வரவில்லை என்று புலம்புவதும் நாமே. விதை முளைக்காவிட்டால் இரவோடு இரவாக வேறு நாற்றை நட்டு வைக்காதீர்கள். ஆழமாகப் புதைத்தோமா, எறும்பு இழுத்துப் போனதா என்று அவர்களே கிளறிப் பார்க்கட்டும்.

முதலில் சிறுகீரை. 25 நாளில் பறித்துவிடலாம் என்பதால் பொறுமை தீராது. அடுத்து வெண்டை, ஏறக்குறைய 45 நாள். காத்திருக்கப் பழக ஒரு பப்பாளி. நாட்டுப் பப்பாளி என்றால் குழிக்கு மூன்று கன்று வையுங்கள். ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகுதான் தெரியும்.

எங்களைக் கேட்டால், பந்தலில் ஒரு சுரைக்கொடி கட்டாயம் வேண்டும். பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறது என்று ஒருநாள் பிள்ளை ஓடிவரும். மாலையில் வெள்ளைப் பூ விரியும் நேரம் பந்தலுக்கு அழைத்துப் போங்கள். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவச் சொல்லுங்கள். சில நாளில் பிஞ்சு திரளும். மகரந்தச் சேர்க்கையைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது போதும்.

வெண்டையில் அசுவினி வரத்தான் செய்யும். தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். வயலுக்கு வாங்கிய மருந்து பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும். மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இதையெல்லாம் பார்க்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: 'நாம சாப்பிடுற வெண்டைக்கு வேப்பங்கொட்டை, சந்தைக்குப் போற கத்தரிக்கு மட்டும் ஏன் அந்த மருந்து?' மழுப்பாதீர்கள். கத்தரியில் காய்த்துளைப்பானை வேப்பங்கொட்டைச் சாற்றால் மட்டுமே அடக்கிவிடலாம் என்று நாங்களும் சொல்ல மாட்டோம். ஆனால் இன்று மருந்தடித்து, விலை இருக்கிறதென்று நாளையே பறிப்பது நம் கையில் உள்ள தப்பு. மருந்தடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும். அந்தத் தாளைப் பிள்ளையிடமே கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.