‘ஓடிப்போன மீன்’ சாப்பிட்டிருக்கீங்களா?

தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு ஸ்பகெட்டி உண்டு. பெயர் ‘பேஷே ஃபுயூத்தோ’. தமிழில் சொன்னால், ஓடிப்போன மீன். தட்டில் மீனைத் தேடாதீர்கள், அதுதான் ஓடிப்போயிடுச்சே! ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கி, சின்னத் தக்காளி, பார்ஸ்லி இலை என மீன் சாஸுக்கு என்னவெல்லாம் போடுவார்களோ அத்தனையும் போடுவார்கள். மீனைத் தவிர.

கடலைத் தாண்டி சிசிலித் தீவுக்குப் போனாலும் இதே குறும்புதான். அங்கே பலேர்மோவின் பெருமை மத்தி மீன் பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் அதில் சேரும். மத்தி வாங்க வழியில்லாத வீடுகளில் மீன் மட்டும் இல்லாமல் அதையே செய்தார்கள். அதற்குப் பெயர், ‘மத்தி இன்னும் கடலில்தான் இருக்கு’ பாஸ்தா!

இன்னொன்றும் இருக்கிறது. பிரபுக்கள் வீட்டு விருந்தில் ‘பெக்காஃபிகோ’ என்கிற சின்னப் பறவையைச் சமைப்பார்கள். அத்திப்பழம் தின்று கொழுத்த பறவை. சாதாரண ஜனங்களுக்கு அது எட்டுமா? மத்தியின் முள்ளை நீக்கி, ரொட்டித்தூளும் திராட்சையும் வைத்துச் சுருட்டி, வால் மேலே தூக்கி நிற்கும்படி அடுக்கினார்கள். அந்த மீன் வால்தான் பறவையின் வால். இந்த ஐடியாவுக்கே தனியாக ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது பசி. 1880-க்கும் 1920-க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலானோர் தெற்கத்திக்காரர்கள். ஊரில் விசேஷ நாளில் மட்டும் பார்த்த இறைச்சியை அங்கே அடிக்கடி வாங்க முடிந்தது. பெரிய பெரிய மீட்பால் போட்ட ஸ்பகெட்டி அப்படிப் பிறந்ததுதான். ‘இத்தாலியன்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற சீஸ் மழைக்கும் அமெரிக்காவுக்குத்தான் பெரிய பங்கு.

2010-ல் யுனெஸ்கோ, மத்தியதரைக்கடல் உணவு முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பயறு, காய்கறி, ஆலிவ் எண்ணெய் அதிகம், இறைச்சி குறைவு என்று டாக்டர்கள் பாராட்டுகிறார்கள். இறைச்சி ஏன் குறைவு என்று அந்த ஊர்ப் பாட்டிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

சரி, ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சீஸ் வாங்க முடியாதவர்கள் பாஸ்தா மேல் தூவியது வறுத்த ரொட்டித்தூள். ‘ஏழைகளின் சீஸ்’ என்றே சொல்வார்கள். இரண்டு நாள் காய்ந்த, இனிப்பில்லாத பிரெட்டைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். கடாயில் இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, பிறகு தூள். சிறு தீயில் பொன்னிறமாகும் வரை கிளறுங்கள். சட்டென்று கருகிவிடும், அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். சாப்பிட உட்காரும்போதுதான் தூவ வேண்டும். முன்னாடியே போட்டால் நமத்துவிடும்.